கலியாணம் கொஞ்சம் காத்திருக்கட்டும்!



சீமையில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டில் உண்டா? உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் எதிர் வீட்டில் இருக்கக்கூடும். எஸ்.எஸ். காலனியிலும் கே.கே. நகரிலும்தான் என்று இல்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்துகூட நர்சாகவும் என்ஜினீயராகவும் நம் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படிப் போன பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் முகம் காட்டி, "அம்மா, நான் வேலை மாறப் போகிறேன்" என்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? முதலில், "சம்பளம் எவ்வளவு கூட?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அடுத்தபடியாக, "அப்படியானால் நடுவில் பத்து நாள் ஓய்வு கிடைக்குமே! தை மாதம் உன் தம்பிக்குக் கலியாணம். வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயேன்!" என்கிறோம்.

மதுரையில் இதில் தப்பே இல்லை. ஓர் ஆபீஸை விட்டு இன்னோர் ஆபீஸில் சேருகிறவர்கள் நடுவில் கொடைக்கானல் போய் வருவது சகஜம். ஆனால் சீமையில் இருக்கும் பெண்ணுக்கு, பாசத்தோடு சொல்லும் இந்த இரண்டாவது வார்த்தையே ஆபத்தாக முடியலாம். எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

பிரிட்டனில் வேலை பார்க்கப் போகிற தொழில் தெரிந்தவர்களுக்கு 'ஸ்கில்டு ஒர்க்கர்' விசா என்று ஒன்று கொடுக்கிறார்கள். 2020 டிசம்பர் 1-ஆம் தேதி இந்த முறை தொடங்கியது. நர்சுகள், டாக்டர்களுக்கு இதிலேயே 'ஹெல்த் அண்டு கேர்' என்று ஒரு கிளை உண்டு. இந்த விசா கையில் இருந்தால் அந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அதுதான் இல்லை. வைகை எக்ஸ்பிரஸில் ரிசர்வ் செய்த சீட்டு மாதிரி இது. எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்த இடம் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டிப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற முடியுமோ? அது போல, இந்த விசா ஒரு குறிப்பிட்ட முதலாளிக்கும் ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கும் கட்டுப்பட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு இலக்கத்தில் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். முதலாளி மாறினால் விசாவைப் புதுப்பிக்க மனுச் செய்ய வேண்டும். முதலாளி அவரே, ஆனால் தொழில் எண் மாறுகிறது என்றாலும் மனுச் செய்ய வேண்டும். அதே இடம், அதே தொழில் எண், சம்பளம் மட்டும் உயர்ந்தது என்றால் மனு வேண்டாம். இனிப்பு வாங்கினால் போதும்.

வேலை மாற இன்னொருவர் அனுமதி வேண்டும் என்பது நம் ஜில்லாக்காரர்களுக்குப் புதிய சங்கதி அல்ல. மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மண்டபம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் 'துண்டு' என்ற சொல்லை நன்றாக அறிவார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டத்தின் துண்டு வேண்டும். அதைக் கடனோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். கடன் தீராமல் விடுதலை கிடையாது. 1921-இல்தான் அந்த வழக்கத்தைச் சட்டம் ஒழித்தது. வளைகுடா நாடுகளிலும் பழைய முதலாளியின் சம்மதக் கடிதத்துக்காக நம்மவர்கள் வருஷக் கணக்கில் கை கட்டி நின்றார்கள். கத்தார் 2020-இல்தான் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

பிரிட்டனில் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அவர் முறைத்தாலும் சிரித்தாலும் ஒன்றுதான். ஆனால் அந்த நாட்டுச் சர்க்காரின் சம்மதம் வேண்டும். அது கைக்கு வரும்வரை புதிய வேலையில் கால் வைக்கக் கூடாது.

காரியங்களை இன்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சமையலில் தாளிப்பதை முன்னே பின்னே மாற்றினால் குழம்பு மட்டும் கெடும். இங்கே வரிசை மாறினால் பிழைப்பே கெட்டுவிடும்.

முதலாவது, புதிய முதலாளி வெளிநாட்டாரை வேலைக்கு வைத்துக் கொள்ள லைசென்ஸ் பெற்றவரா என்று பார்க்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்களின் ஜாபிதாவைப் பிரிட்டிஷ் அரசாங்கமே இணையத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்க்கக் காசு வேண்டாம்; மதுரையில் உட்கார்ந்தபடியே நீங்களும் பார்க்கலாம்.

இரண்டாவது, அந்த முதலாளி உங்கள் பெண்ணின் பெயரில் 'ஸ்பான்ஸர்ஷிப் சர்ட்டிபிகேட்' கொடுக்க வேண்டும். சர்ட்டிபிகேட் என்றால் முத்திரை குத்திய காகிதம் அல்ல. அது ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண்ணை 3 மாதத்துக்குள் பயன்படுத்தி மனுச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, மனு. புதிய வேலை தொடங்கும் நாளுக்கு 3 மாதம் முன்னாலிருந்தே மனுப் போடலாம். சாதாரணமாக 8 வாரத்தில் முடிவு வரும். கூடுதல் கட்டணம் கட்டினால் 5 வேலை நாளில் முடிவு சொல்லும் வசதியும் உண்டு.

நான்காவது, காத்திருப்பது. அதுவரை பழைய வேலையிலேயே இருக்கலாம். நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்த நாட்களையும் அங்கேயே கழிக்கலாம். முடிவு வந்த பிறகுதான் புதிய இடம்.

இப்போது கலியாணத்துக்கு வருவோம். மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் சமயத்தில் பிரிட்டனையும், பக்கத்திலுள்ள அயர்லாந்தையும் சில சிறு தீவுகளையும் விட்டு வெளியே போகக் கூடாது. போனால் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டதாகக் கருதிவிடுவார்கள். மதுரை விமான நிலையத்தில் நாம் மல்லிகைப்பூவோடு வரவேற்றுக் கொண்டிருக்கும்போது, அங்கே அவளுடைய மனு ரத்தாகியிருக்கும். பழைய வேலையும் பழைய அனுமதியும் இன்னும் உயிரோடு இருந்தால் திரும்பிப் போய் மறுபடி மனுவும் பணமும் கட்டலாம். வேலையையும் விட்டுவிட்டு, அனுமதியும் காலாவதியாகி இருந்தால்? எல்லாவற்றையும் முதலிலிருந்து இங்கிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

அதனால் கலியாணத்துக்கு வரவே கூடாது என்று சொல்லவில்லை. மனுப் போடுவதற்கு முன்னால், பழைய வேலையில் லீவு எடுத்துக்கொண்டு வரட்டும். அல்லது முடிவு வந்த பிறகு வரட்டும். முகூர்த்தம் பார்க்க ஜோசியரிடம் போகும் முன், பெண்ணிடம் இந்தத் தேதிகளை ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா அடுத்த வருஷமும் வரும். அழகர் ஆற்றில் இறங்காமல் இருக்கப் போவதில்லை.

தானாக வேலை மாறுவது ஒரு பக்கம். வேலை போய்விட்டால், அல்லது முதலாளியின் லைசென்ஸையே அரசாங்கம் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? இது கற்பனை அல்ல. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை முதியோர் பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கு மேற்பட்ட லைசென்ஸ்களை ரத்துச் செய்ததாகப் பிரிட்டிஷ் அரசாங்கமே அறிவித்தது. அந்த முதலாளிகளைச் சார்ந்து வந்தவர்கள் 39,000 பேருக்கு மேல். இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வரும். சாதாரணமாக 60 நாள் தவணை. அதற்குள் வேறு முதலாளியைப் பிடித்து மனுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். விசாவில் பாக்கி இருப்பது 60 நாளுக்குக் குறைவானால், அந்தக் குறைந்த நாட்கள்தான். அந்தத் தேதியைப் பெண்ணோடு நீங்களும் காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள்.

இந்த 60 நாளில்தான் நம் வீட்டு இரும்புப் பெட்டிக்கு ஆபத்து வருகிறது. "சர்ட்டிபிகேட் தயாராக இருக்கிறது, பத்து லட்சம் அனுப்புங்கள்" என்று யாராவது தரகர் சொல்வார். பெண்ணின் கலக்கமான குரலைக் கேட்ட தாய் வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவாள். கொஞ்சம் நில்லுங்கள், அம்மா! முதலாளி செலுத்த வேண்டிய 'ஸ்கில்ஸ் சார்ஜ்' என்ற வரியைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். 2024 டிசம்பர் 31 முதல் சர்ட்டிபிகேட் கட்டணத்தையும் லைசென்ஸ் செலவையும்கூட அப்படிக் கட்டக் கூடாது என்று விதி செய்துவிட்டார்கள். உங்கள் பெண் கட்ட வேண்டியது அவளுடைய விசா மனுக் கட்டணமும், ஆஸ்பத்திரி வரியும்தான். அந்த ஆஸ்பத்திரி வரியும் 'ஹெல்த் அண்டு கேர்' கிளையில் இருப்பவர்களுக்கு இல்லை. சர்ட்டிபிகேட்டுக்கு விலை கேட்கிறவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். விசா விஷயத்தில் ஆலோசனை சொல்லவே அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். வக்கீலாவது பதிவு பெற்ற ஆலோசகராவது சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சம்பளக் கணக்கையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்குப் பொது வரம்பு வருஷத்துக்கு 41,700 பவுன். (நம் கழுத்துப் பவுன் அல்ல, அவர்கள் நாணயம்!) நர்சுகளுக்கும், பல வருஷம் முன்பே போனவர்களுக்கும் வேறு வரம்பு உண்டு. அதே நாள் முதல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்த வேலையில் இருக்கும் பெண், "விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன், அப்புறம் திரும்பிப் போகலாம்" என்று நினைத்தால், வந்த கதவு அதற்குள் சாத்தியிருக்கும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். பக்கத்து வீட்டு மாமி வருவார். "என் பிள்ளை அமெரிக்காவில் புதுக் கம்பெனி மனுப் போட்டவுடனே போய்ச் சேர்ந்துவிட்டானே! உன் பெண் ஏன் இன்னும் காத்திருக்கிறாள்?" என்பார். மாமி சொல்வது பொய் அல்ல. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு, புதிய கம்பெனி முறைப்படி மனுத் தாக்கல் செய்ததுமே சேர்ந்துகொள்ள 2000-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேலை போனால் அங்கேயும் 60 நாள் வரை தவணை உண்டு. ஆனால் அது வேலை முடிந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். பிரிட்டனில் அரசாங்கக் கடிதத்தில் குறித்த தேதிதான் கணக்கு. சிங்கப்பூரிலோ புதிய முதலாளி புதிதாகவே பாஸ் வாங்க வேண்டும். மாமிக்குக் காப்பி கொடுத்து உபசரியுங்கள். அவர் யோசனையை மட்டும் உங்கள் பெண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

கடல் கடந்து இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் ஊறுகாயும் பருப்புப் பொடியும் அனுப்புகிறோம். வேலை மாறும் அந்த இரண்டு மாதத்தில் அவர்களுக்கு வேண்டியது அவசரப்படுத்தாத தாயார். "எப்போது வருகிறாய்?" என்று கேட்டால், அவள் நம் மனம் நோகக் கூடாதே என்று டிக்கெட் வாங்கினாலும் வாங்கிவிடுவாள். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "முடிவு வந்ததா, கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். "இன்னும் வரவில்லை, அம்மா" என்றால், "பரவாயில்லை, இரு, கலியாணத்துக்கு வேறு முகூர்த்தம் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். சம்பந்தி வீட்டார் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டுமே!