கூட்டத்தோடு போவதா, தனியே போவதா?

நம் வாசக அன்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மிச்சம் பிடித்து வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மனைவியுடன் கம்போடியா தேசம் சென்று அங்கோர் ஆலயங்களைத் தரிசித்து வரவேண்டும் என்பது அவருடைய வெகுநாளைய ஆசையாம். பிரயாணக் கம்பெனி ஒன்று வியட்நாமையும் கம்போடியாவையும் ஏழே நாளில் காட்டி அழைத்து வருவதாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. புதல்வரோ, கம்பெனி எதற்கு, விமானச் சீட்டையும் ஹோட்டலையும் தாமே கைபேசியில் ஏற்பாடு செய்துவிடலாம் என்கிறார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது?

இதே தர்க்கம் இன்று அநேக வீடுகளில் நடந்து கொண்டிருக்கிறது. ஆகையால் பதிலை இங்கேயே எழுதுகிறோம்.

"பாக்கேஜ் டூர்" என்று வழங்கும் இந்தத் தொழிலுக்கு மூலபுருஷர் தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர். 1841-ஆம் வருஷம் ஜூலை 5-ந் தேதி அவர் லெஸ்டர் நகரத்திலிருந்து லௌபரோ என்னும் ஊருக்குச் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம், ரயிலில் அழைத்துச் சென்றார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? மதுவிலக்குப் பொதுக் கூட்டத்துக்கு! இப்போது வரும் நோட்டீஸ்களில் "வரவேற்புப் பானம் இலவசம்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. நம்மவர்களுக்கும் இது புதிய சங்கதி அல்ல. சமையற்காரரையும் சாமான் மூட்டைகளையும் கூட்டிக்கொண்டு கோஷ்டி கோஷ்டியாகக் காசிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்?

கம்பெனிக்காரரிடம் நாம் பணம் கொடுத்து வாங்குவது பஸ்ஸையும் படுக்கையையும் மட்டும் அல்ல. யோசிக்கும் தொல்லையிலிருந்து விடுதலையை வாங்குகிறோம். இது அற்பமான பொருள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இதற்குப் பணத்தைத் தவிர இன்னொரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் நேரம். அங்கோர் விஷயத்தில் அந்த விலை மிகவும் அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

கணக்குப் பார்ப்போம். நாம் பார்த்த நோட்டீஸ்களில் பெரும்பாலானவை அங்கோருக்கு ஒதுக்குவது ஒரு பகல். ஆலயப் பிரதேசத்துக்குள் நுழைய 2017 பிப்ரவரியில் நிர்ணயித்த கட்டணம் ஒரு நாளுக்கு 37 டாலர்; மூன்று நாளுக்கு 62 டாலர்; ஏழு நாளுக்கு 72 டாலர். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் உபயோகிக்க வேண்டும் என்பதில்லை. பத்து நாளைக்குள் எந்த மூன்று நாளாகவும் இருக்கலாம். ஆக, முதல் நாளைக்கு 37 கொடுத்தவர் இன்னும் 25 சேர்த்துக் கொடுத்தால் மேலும் இரண்டு நாள் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து இரண்டு விமானம் ஏறிப் போனவர்கள் இந்த 25 டாலரில் சிக்கனம் பிடிப்பது, கல்யாணத்துக்குப் போய்த் தாம்பூலம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது போலத்தான். (ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அங்குள்ள காந்தா போபா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மனத்துக்கு இதமான செய்தி.)

அந்த ஒரு பகலில் என்ன நடக்கிறது? விடியுமுன் எழுப்பி அங்கோர் வாட் ஆலயத்தின் முன் நிறுத்துகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பிய இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. ஆகவே காலைச் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் உதிக்கிறது. படம் பிடிக்க வெகு அழகு. ஆனால் மேற்குப் பிராகாரத்தில் ஒரு பக்கம் குருக்ஷேத்திர யுத்தமும் மறு பக்கம் இலங்கை யுத்தமும் சுவர் நெடுகச் செதுக்கியிருக்கிறார்களே, அவற்றின்மேல் வெயில் விழுவது பிற்பகலில். அப்போது கூட்டுப் பிரயாணிகள் வேறு கோயிலில் இருப்பார்கள். கிழக்குப் பிராகாரத்தில் தேவாசுரர்கள் பாற்கடல் கடையும் காட்சி சுமார் 49 மீட்டர் நீளம்: ஒரு புறம் 92 அசுரர்கள், மறு புறம் 88 தேவர்கள், நடுவில் திருமால். பாட்டியின் மடியில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்ட நம் குடும்பத்தார் அதன்முன் அரை மணி நேரமாவது நிற்க ஆசைப்படமாட்டார்களா? வழிகாட்டி கொடியைத் தூக்கிவிட்டால் ஆசைக்கு இடம் ஏது?

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சியம் ரீப் நகரத்திலிருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் பாந்தே ஸ்ரீ என்ற சிறிய சிவாலயம் இருக்கிறது. 967-ஆம் வருஷம் பிரதிஷ்டையானது. கட்டியவர் அரசர் அல்ல, யக்ஞவராஹர் என்ற ராஜகுரு. சிவந்த கல்லில் சந்தனக் கட்டையைச் செதுக்குவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு கோபுர முகப்பில் சிவபெருமான் பல கரங்களுடன் நடனமாடுகிறார். அருகே எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம். அது நம் காரைக்கால் அம்மையார் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு. கடல் கடந்து அத்தனை தூரத்தில், ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே, காரைக்காலிலிருந்து ஒரு பேயுருவம் போய் உட்கார்ந்திருக்கிறது! தமிழ்க் குடும்பம் ஒன்று கம்போடியா வரையில் சென்று இதைப் பாராமல் திரும்புவதா? இருந்தும் ஒரு நாள் திட்டங்களில் இந்தக் கோயில் அநேகமாக இடம் பெறுவதில்லை. தூரமாம். அதே பகலில் கைவினைக் கடைக்கு நேரம் இருக்கிறது.

தனியே போகிறவர் நாள் வாடகைக்கு ஒரு "டுக்-டுக்" வண்டியையும், முடிந்தால் அரசாங்க அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரையும் அமர்த்திக்கொள்ளலாம். கூட்டத்தோடு போகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். தனியே போனால் அந்த நாட்டு மனிதரோடு பேசியாக வேண்டும். அது நமக்கு நல்லது. "இதெல்லாம் நம்மவர் கட்டியது" என்று அங்கே உரக்கப் பேசும் தேசபக்தர்கள் நம்மில் உண்டு. கதைகள் இங்கிருந்து போனவை. கட்டியது கெமர் மக்கள். தங்கள் தேசியக் கொடியிலேயே இந்த ஆலயத்தை வைத்திருக்கிறார்கள். 1986 முதல் 1993 வரையில் நம் தொல்பொருள் இலாகா அங்கே ஜீர்ணோத்தாரண வேலை செய்தது; வேண்டுமானால் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம்.

இவ்வளவு சொல்லியும், கூட்டுப் பிரயாணத்தைக் குப்பையில் எறிந்துவிட நாம் தயாராயில்லை. தனியே போகிறவருக்கு வழியில் ஏதாவது நேர்ந்தால் அவரேதான் சமாளிக்க வேண்டும். கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே 2025 ஜூன் மாதத்தில் தரைவழி எல்லை மூடப்பட்டது. ஜூலையிலும் டிசம்பரிலும் சண்டையே நடந்தது. பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்று பழைய புத்தகத்தைப் படித்துக் கிளம்பியவர்களின் கதி என்ன? சியம் ரீப்பின் பழைய விமான நிலையமும் மூடப்பட்டு, 2023 அக்டோபரில் ஊரிலிருந்து 40 கிலோ மீட்டருக்கும் அப்பால் புதியது திறந்தாயிற்று. இதையெல்லாம் விசாரித்து வைக்கப் பொறுமை உள்ளவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காய்கறிக் கறியில்கூட மீன் சாறு ஊற்றுவது அந்நாட்டு வழக்கம். சியம் ரீப்பில் இந்திய போஜன சாலைகள் இருக்கின்றன. இருந்தாலும் கேட்டுச் சாப்பிடும் பழக்கம் வேண்டும்.

கம்பெனியை நம்பினால் கவலை இல்லை என்பதும் சரியல்ல. தாமஸ் குக் ஸ்தாபித்த பிரிட்டிஷ் கம்பெனியே 2019 செப்டம்பர் 23-ந் தேதி திடீரென்று மூடிவிட்டது. வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்ட சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பிரயாணிகளை அந்நாட்டு அதிகாரிகள் விமானம் அமர்த்தி அழைத்து வந்தார்கள். விமானச் சீட்டோடு கூடிய பாக்கேஜ் விற்கிறவர்கள் லைசென்ஸ் பெற்றுக் காப்பு நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. (அதே பெயருள்ள இந்தியக் கம்பெனி 2012-லேயே வேறு கைக்கு மாறிவிட்டபடியால் அது பாதிக்கப்படவில்லை.) நம் நாட்டில், சொன்னபடி நடக்காத கம்பெனிமேல் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். அங்கே வாய்ப்பேச்சு நிற்காது. ஆகையால் பணம் கட்டுமுன், எத்தனை பேர் சேராவிட்டால் பிரயாணம் ரத்தாகும், ரத்தானால் எவ்வளவு திரும்பும், ஆலயச் சீட்டு எத்தனை நாளைக்கு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாக்கேஜின்மேல் 2020 அக்டோபர் முதல் கம்பெனிக்காரர் முன்கூட்டியே வரி பிடிக்கிறார். விகிதம் பல தடவை மாறியிருக்கிறது. அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதை மட்டும் பத்திரப்படுத்த வேண்டும்.

நமது வாசகருக்கு நாம் சொல்வது இதுதான். வியட்நாமை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளையே சீட்டு வாங்கட்டும். சியம் ரீப்பில் ஒரே ஹோட்டலில் ஐந்து இரவு. மூன்று நாள் ஆலயத்துக்கு; நடுவே ஒரு நாள் கால் வலிக்கு. மனைவிக்கு முழங்கால் உபத்திரவம் இருந்தால் அங்கோர் வாட்டின் மேல் தளத்துச் செங்குத்துப் படிகளை விட்டுவிடலாம். சிற்பப் பிராகாரங்களெல்லாம் கீழேயே இருக்கின்றன. பேரக் குழந்தைகளின் விடுமுறையை உத்தேசித்து ஏப்ரலில் மட்டும் கிளம்ப வேண்டாம். அங்கே அதுதான் கடும் கோடை. கற்கள் அடுப்புப்போல் காயும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கூட்டம் அதிகம். ஆனால் காலையில் ஒரு மெல்லிய சால்வை தேவைப்படும் அளவுக்குக் காற்று சுகமாயிருக்கும்.