பயனருக்குக் கைகொடுப்பதும் மென்பொருள் பணியே

நிரல் எழுதுபவர்தான் பங்களிப்பாளர், பயனரின் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஏதோ கூடமாட ஒத்தாசை செய்கிறவர் என்ற எண்ணம் கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. எங்கள் பயனர் குழு இதை ஏற்கவில்லை. பயனர் உதவி முழுமையான பங்களிப்பு. அதைச் செய்பவருக்கு நிரலாளருக்கு உரிய மதிப்பும், திட்டத்தின் முடிவுகளில் பேசும் உரிமையும் வேண்டும்.

2010 செப்டம்பரில் ஓபன் ஆபீஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். உத்தரவாதம் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. எனவே சிக்கல் வந்தால், பெரும்பாலோருக்கு விஷயம் தெரிந்த இன்னொரு பயனர்தான் துணை.

எங்களிடம் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளை ஓர் ஆசிரியர் திறக்கிறார். ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கோப்பே கெட்டுவிட்டது என்று பதறுகிறார். கெடவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துரு பாமினி. அது அவருடைய புதுக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். முதலில் கோப்பை நகலெடுத்து வையுங்கள், எழுத்துருவை நிறுவிப் பாருங்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுத நிரல் தெரிய வேண்டியதில்லை. தமிழ்த் தட்டச்சில் அல்லாடிப் பழகியவருக்கு இது கைவந்த விஷயம். அந்த நாலு வரி கிடைக்காவிட்டால் ஆசிரியர் அன்றைக்கே மென்பொருளை நீக்கிவிடுவார்.

திட்டத்தின் முடிவுகளில் பேசும் உரிமை நாங்கள் புதிதாகக் கேட்பதல்ல. நிரல்தொகுப்பு வேலை செய்யாத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக ஏற்பதென டெபியன் இயங்குதளத் திட்டம் 2010-இல் வாக்கெடுத்து முடிவுசெய்தது. லிப்ரே ஆபீஸை வளர்க்கும் டாக்குமெண்ட் பவுண்டேஷனிலும் நிரல் எழுதாதவர்கள் உறுப்பினராகலாம்.

உரிமையோடு பொறுப்பும் வருகிறது. ‘கையேட்டில் இருக்கிறதே, படிக்கக் கூடாதா’ என்று யாரையும் விரட்டக் கூடாது. எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். என்ன செய்யும் என்று விளக்காமல் எந்தக் கட்டளையையும் இயக்கச் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லை ஒருபோதும் கேட்காதீர்கள். ஆவணத்தை அனுப்பச் சொன்னால், பெயர், முகவரி, கணக்கு எண்ணை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே சிக்கலோடு நாலைந்து பேர் வந்தால் அது வழுவாக இருக்கலாம். சோதித்துப் பார்த்து வழு அறிக்கை பதியுங்கள். நிரலாளருக்குப் பயனரின் குரல் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேர்கிறது.

கட்டணம் வாங்கிச் சேவை தருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. கட்டற்ற உரிமங்கள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் தன்னார்வலராக வந்து, பாதிப் பதிலைச் சொல்லி, மீதிக்குக் காசு கேட்பது தவறு. அதேபோல், உதவுபவரை ஏவல் ஆளாக நினைத்து ஏசுபவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எந்தத் தன்னார்வலருக்கும் கிடையாது. களைத்துப்போனவர் ஒதுங்கி ஓய்வெடுத்தால், ஏன் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

லிப்ரே ஆபீஸை ஓராண்டு பயன்படுத்திய எவருக்கும் புதியவரின் ஒரு கேள்விக்காவது விடை தெரிந்திருக்கும். வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். பதிலைத் தமிழில் எழுதுங்கள்.