பெண் நின்றால் பெண் ஓட்டுப் போட்டே ஆகணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவன் என் அண்ணன் மகன். "பொம்பளைக்கு சீட்டுக் கொடுத்தா ஆளப்போறது புருஷன்தானே" என்று குடும்பக் குரூப்பில் எழுதி, கீழே நாலு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். இன்னொருத்தி என் பழைய மாணவி, பெங்களூரில் இருக்கிறாள். "பெண் வேட்பாளர் நிற்கும்போது ஆணுக்கு ஓட்டுப் போடும் பெண் துரோகி. நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் என்னைத் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு பேர் கட்சியும் இல்லை.

முதலில் அண்ணன் மகனுக்கு.

தம்பி, நீ பிறந்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். வெளியூரில் ஊர் பெயரைச் சொன்னதும் 1991 மே 21-ஐத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ராஜீவ் காந்தி அன்று யாருக்கு ஓட்டுக் கேட்க இங்கே வந்தார்? இந்தக் கேள்வியை வகுப்பில் வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். ஒரு கை எழுந்ததில்லை. மரகதம் சந்திரசேகர். 1984, 1989, 1991 என்று மூன்று முறை நம் தொகுதி எம்.பி. 1960-களிலேயே மத்தியில் துணை அமைச்சராக இருந்தவர். சட்டமன்றத்துக்கு டி. யசோதாவை நான்கு முறை இதே ஊர் அனுப்பியிருக்கிறது. இரண்டும் அப்போது தனித் தொகுதி. பட்டியல் இனத்துப் பெண்கள் இரண்டு பேர் இந்த மண்ணில் ஜெயித்துக் காட்டியிருக்கிறார்கள், ஊருக்கு அது ஞாபகமே இல்லை. வந்தவர் பெயரில் நினைவிடம் இருக்கிறது. யாருக்காக வந்தார் என்று கேட்டால் மேலே பார்க்கிறீர்கள்.

புருஷன் ஆள்வதைப் பற்றிச் சொன்னாயே. நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் மனைவி, பக்கத்தில் பேனாவோடு கணவர் என்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா பெயரைச் சொல்லி நிற்கிற மகன்களுக்கு இத்தனை வருஷமாக ஓட்டுப் போடுகிறாயே, "ஆளப்போறது அப்பன்தானே" என்று ஒருநாளாவது சிரிப்புப் பொம்மை போட்டாயா? தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். 2021-இல் 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர். அதற்கு முந்தைய தேர்தலில் 21 பேர். கூடவில்லை, குறைந்திருக்கிறது. 33 சதவீதத்துக்கு 2023-இல் சட்டம் போட்டார்கள். அதற்கும் கணக்கெடுப்பு முடியட்டும், தொகுதி மறுவரையறை முடியட்டும் என்று வாலில் ஒரு நிபந்தனையைக் கட்டிவிட்டார்கள்.

இனி என் குட்டு. 1991-இல் எனக்குத் தேர்தல் பணி, அதனால் தபால் ஓட்டு. வகுப்பில் குடிமையியல் பாடம் எடுத்து, ரகசிய வாக்கெடுப்பு என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள், வீட்டில் உங்கள் மாமா விரல் வைத்த இடத்தில் குறி போட்டேன். அவர் அதட்டவில்லை. எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. ஆசிரியர் பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கி, தேர்தலையே நடத்திக் கொடுத்த நான் அப்படி. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கணவரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள் என்று நான் எந்த வாயால் சிரிப்பது?

இப்போது பெங்களூர்க்காரிக்கு.

அம்மா, ஜெயலலிதாவைப் பற்றி என் மனசு இன்றுவரை ஒரு பக்கம் நிற்கவில்லை. 1989 மார்ச் 25-இல் சட்டசபையிலிருந்து கலைந்த தலையோடு அவர் வெளியே வந்ததைப் பேப்பரில் பார்த்து வயிறு கலங்கியது. எந்தக் கட்சி என்றே தோன்றவில்லை. 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையம், தொட்டில் குழந்தைத் திட்டம். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம். இதையெல்லாம் அவர் ஆட்சி செய்தது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர், அரசு ஊழியர் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியதும் அதே அம்மையார் ஆட்சிதான். அதில் எத்தனை பெண்கள்! எங்கள் வீட்டுக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. அன்று என் வாயில் வந்ததை மட்டும் எழுதுகிறேன்: "ஒரு பொம்பளைக்கு இவ்வளவு திமிரா!" ஆண் முதல்வர் செய்திருந்தால் அநியாயம் என்று சொல்லியிருப்பேன். "ஆம்பளைக்கு இவ்வளவு திமிரா" என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். கோபம் நியாயமானது, வார்த்தை கேவலமானது.

அதனால் பெண் என்பதற்காக மட்டும் ஓட்டுப் போடு என்று என்னிடம் சொல்லாதே. நம் ஊர் நிலவரத்தை வைத்துக் கேள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எல்லாம் உங்கள் வயசு, உங்கள் தங்கை வயசு. 2024 ஜூனில், அதே ஆலையில் ஐபோன் கோக்கும் வேலைக்குக் கல்யாணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. நிறுவனம் மறுத்தது. சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. வேலைக்கு எடுப்பதிலும் பெண் என்று பாகுபாடு கூடாது என்று அதில் இருந்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலி கட்டினால் வேலை கிடைக்காதோ என்று ஒரு பெண் பயப்படுகிற ஊரில், இதைப் பற்றி வாயைத் திறக்காமல் மஞ்சள் குங்குமம் கொடுத்து "நானும் உங்க வீட்டுப் பொண்ணு" என்று ஒருவர் ஓட்டுக் கேட்டால் என் ஓட்டு கிடையாது. வேட்டி கட்டி வந்து வாயைத் திறக்காதவருக்கும் கிடையாது. அவரிடம் நாம் கேட்பதே இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

இதைச் சொல்கிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டு பொது வார்டு. ஒரு பெண் நின்றாள். பெயர் வேண்டாம். வாசலுக்கு வந்தபோது பேசியதெல்லாம் அவள் கணவர். "நீ பேசும்மா" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நைட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் இறக்கிவிடுற இடத்துல லைட்டு இல்ல டீச்சர். அங்கேருந்து ஊருக்குள்ள நடக்கணும். நானே நடந்திருக்கேன்." வேறெதுவும் பேசவில்லை. எதிரில் நின்றவர் குழாய்த் தண்ணீர் கொண்டு வந்த பழைய ஆள், நல்ல மனிதர்.

வார்டுக்கான வெள்ளைச் சீட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். முத்திரையைக் குழாய்க்காரர் சின்னத்தில்தான் குத்தினேன். அவள் பேசியது பிடித்திருந்தது. கணவர் பேசியதுதான் பயமாக இருந்தது. அவள் தோற்றாள். அண்ணன் மகனே, நீ எழுதியதைத்தான் நான் அன்று செய்துவிட்டு வந்தேன், சிரிப்புப் பொம்மை போடவில்லை, அவ்வளவுதான்.

தோற்ற பிறகும் கிராம சபைக்கு வந்தாள், கணவர் இல்லாமல். லைட்டுக்கு மனு கொடுத்தாள். கூட்டத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் "நான் உனக்குப் போடவில்லை" என்று சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. இந்தப் பதிவை அவளும் படிப்பாள்.