வதந்தியும் பொய்ச்சாட்சியும்



அச்சத்தினால் பிறந்த கதையொன்றை ஆராயாமல் நம்பி, அதைப் பிறருக்கும் சொல்வது பாவமாகுமா? ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலுள்ள கால்நடைப் பண்ணையாளரின் அனுபவத்தைக் கொண்டு இதனைச் சிந்திப்போம். அவர்களுட் பலர் வேதத்தை நேசிப்பவர்கள்.

நெவாடா மாநில நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் மத்திய அரசுக்குரியது. தலைமுறைகளாக மாடு மேய்த்த இடத்தில், பாலைவன ஆமையைக் காப்பதற்கென மேய்ச்சல் மட்டுப்படுத்தப்பட்டபோது அவர்கள் மனம் கசந்ததில் வியப்பில்லை. கிளைவன் பண்டி என்பவர் 1993இலிருந்து மேய்ச்சல் கட்டணம் செலுத்தவே மறுத்தார்.

வேதனை மெய்யானது. அதன்மீது கட்டப்பட்ட கதையோ பொய்யானது. 1992இல் ரியோ டி ஜெனீரோ மாநாட்டில் ஏற்கப்பட்ட ‘நிகழ்ச்சிநிரல் 21’ எந்த நாட்டையும் சட்டத்தால் கட்டுப்படுத்தாத ஆவணம். அதனையே, கிராம மக்களின் நிலத்தைப் பறித்து உலக அரசொன்றை நிறுவும் சதி என்றனர். அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியை அதிற் கண்டவர்களும் உண்டு. வனவிலங்கு அதிகாரிகள் கறுப்பு ஹெலிகொப்டர்களில் வந்திறங்குவதாக 1995இல் காங்கிரஸ் உறுப்பினர் ஹெலன் செனோவெத் கூறினார். 2012இல் அலபாமா மாநிலம் அவ்வாவணத்துக்கு எதிராகச் சட்டமே இயற்றியது!

2016 ஜனவரி 2ஆம் திகதி, கிளைவனின் மகன் அம்மன் பண்டியின் தலைமையில் ஆயுதமேந்தியோர் ஒரிகன் மாநிலத்தின் மல்ஹூர் வனவிலங்குச் சரணாலயத்தைக் கைப்பற்றினர். ஆண்டவரே தம்மை ஏவியதாக அவர் சொன்னார். நிலத்தை மக்களிடம் திருப்பித் தரவேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. ஆதிமுதல் அங்கு வாழ்ந்த பையூட் பழங்குடியினரோ அவர்களை வெளியேறும்படி கேட்டனர். முற்றுகை 41 நாட்கள் நீடித்தது. ஜனவரி 26ஆம் திகதி லவோய் ஃபினிகம் என்ற பண்ணையாளர் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார்.

பொய்ச்சாட்சி பற்றிய கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மாத்திரம் உரியதென நாம் எண்ணிவிடுகிறோம். சரணாலய அதிகாரியும் நமக்கு அயலானே. அவர் அநீதி செய்தால் அதை உரக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவர் செய்யாததை அவர்மீது சுமத்தும் உரிமையை நமது துன்பம் நமக்குத் தருவதில்லை. ஊரார் சதியென்று நடுங்கும் ஒவ்வொன்றுக்கும் நடுங்கலாகாதென ஏசாயாவும் எச்சரிக்கப்பட்டார் என்பதை 8ஆம் அதிகாரத்திற் காண்கிறோம்.

அதே மல்ஹூரில், பண்ணையாளரும் பழங்குடியினரும் சூழலியலாளரும் அதிகாரிகளும் ஆண்டுக்கணக்காக ஒன்றாய் அமர்ந்து பேசி, 2013இல் 15 ஆண்டுத் திட்டமொன்றை வகுத்திருந்தனர். ஆயுதத்தோடு வந்தவர்களுட் பெரும்பாலானோர் வெளியூரார். உள்ளூர்ப் பண்ணையாளர் மிகச் சிலரே அவர்களோடு சேர்ந்தனர்.