முயலுக்காக அழுகிறவர்கள்

என் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், அரிஸோனா பாலைவனத்தைப் பற்றிய படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று 'ஐயோ!' என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். வாலில் கிலுகிலுப்பை கட்டிய விரியன் ஒன்று முயல்குட்டியைக் கவ்விவிட்டது.

"அந்தப் பாவிப் பாம்பை அடிக்க அங்கே ஒருவனும் இல்லையா? படம் பிடித்தவன் கல்நெஞ்சக்காரன், ஸார்!" என்றார்.

அன்று ராத்திரி அவர் என் வீட்டில்தான் சாப்பிட்டார். கோழிக் குழம்பு. இரண்டாந் தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அதை நான் குறை சொல்லவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரமெல்லாம் அவருடைய அந்த இரக்கத்தின் மேல்தான்.

பாம்பு என்ன பாவம் செய்தது? அதற்கு ஓடித் துரத்தக் காலில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் குழிகளால், இருட்டிலும் இரையின் உடற்சூட்டை உணர்ந்துகொண்டு, மணிக்கணக்கில் புதரடியில் காத்துக் கிடக்கிறது. கடித்ததும் பெரும்பாலும் விட்டுவிடும். கடிபட்ட பிராணி ஓடிப்போய் விழுந்த இடத்தை, நாக்கை நீட்டி நீட்டி வாசனை பிடித்துத் தேடிக்கொண்டு போகும். ஒரு வேளை வயிறு நிறைந்தால் வாரக்கணக்கில் வேறு ஆகாரம் வேண்டாம். நாளைக்கு மூன்று வேளை உண்கிற நாம் அதைக் கொடியவன் என்கிறோம்!

முயலும் நாம் கதைகளில் எழுதுகிற அசட்டு அப்பாவி அல்ல. (நாம் என்பதில் நானும் சேர்த்திதான்.) குட்டிகள் கிடக்கிற குழியருகே பாம்பு வந்தால், பாய்ந்து பாய்ந்து கடித்து விரட்டியடித்த தாய் முயல்களும் உண்டு. பாலைவன முயல் சுமார் 28 நாளில் ஈன்றுவிடும். வருஷத்தில் பல ஈற்று. அத்தனையும் பிழைத்தால் அந்த மணற்காட்டில் புல் எங்கே இருக்கும்? விரியனும் சிரஞ்சீவி அல்ல. அதன் விஷம் பலிக்காத வேறொரு பாம்பு அதையே விழுங்குகிறது. பருந்தும் தூக்கிப் போகிறது.

மனிதன் என்ன செய்தான்? 1930-களின் பஞ்சத்தில் கான்ஸாஸ் பக்கத்து விவசாயிகள், பயிரைத் தின்ற நெடுங்காது முயல்களை ஊரோடு கூடி வளைத்து, பட்டிக்குள் தள்ளி, ஆயிரக்கணக்கில் தடியால் அடித்துக் கொன்றார்கள். அதாவது பயிர் போன வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் டெக்ஸாஸில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் 1958-லிருந்து விரியன்களைப் பிடிக்க ஒரு விழாவே எடுக்கிறார்கள். வளைக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்தி வெளியே கிளப்புவதும் உண்டு. பிடித்து வந்தவற்றை, டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களுக்கு முன்னால் தலை வெட்டித் தோலுரிக்கிறார்கள். குழந்தைகளும் நின்று பார்க்கின்றன. அங்கே பசி யாருக்கு?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன்.

"அது வேறே, ஸார்" என்றார்.

எப்படி வேறு என்று கேட்டேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையால் ஜாடை காட்டிவிட்டுப் போய்விட்டார்.