பேனாவுக்குப் பரணி! பேசிய நாவுக்கு?

விஜயகுமாரிக்கு நடிக்கத் தெரியுமா? தேவாரத்துத் தேநீர்க் கடைகளில் பழைய படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் உடன் எழுகிறது. ஒருவர் சாவித்திரி என்பார், மற்றவர் பத்மினி என்பார், மூன்றாமவர் தயங்கித் தயங்கி விஜயகுமாரி என்று சொன்னால், "அவரா? அழுதே காலம் கழித்தவராயிற்றே!" என்ற சிரிப்போடு வழக்கு முடிந்துவிடுகிறது. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. ஆராயாமல் தலைவிதி என்று சொல்லிவிடும் வைதிகருக்கும், படத்தை மறுமுறை பாராமல் முத்திரை குத்தும் பகுத்தறிவுத் தோழருக்கும் என்ன வேற்றுமை? கேட்கிறோம் நாம்.

1952இல் 'பராசக்தி' வந்தது. கூண்டில் நின்று குணசேகரன் பேசினான். எழுதியவர் கலைஞர்; பேசியவர் சிவாஜி கணேசன். நாடு எழுதிய கையையும் வாழ்த்திற்று, பேசிய வாயையும் வாழ்த்திற்று. முறைதான். 12 ஆண்டுகள் சென்றன. 1964இல், அதே கலைஞரின் எழுத்தில், ப. நீலகண்டன் இயக்கத்தில் 'பூம்புகார்' வந்தது. இங்கும் ஒரு மன்றம். இங்கும் நீதி தவறிய அரசின் முன்னே ஒரு தனி உயிர். இங்கும் அனல் தெறிக்கும் தமிழ். பேசியவர் விஜயகுமாரி. மக்கள் என்ன சொன்னார்கள்? "கலைஞரின் வசனம், கலைஞரின் வசனம்!" என்றார்கள். தாளிலே கிடந்த வசனம் தானே எழுந்து நடந்து பாண்டியனின் அரியணையை ஆட்டிற்றோ? ஆண் பேசினால் நடிப்பு, பெண் பேசினால் வசனம்! எந்த ஊர் நியாயம் இது?

அக்காட்சியை மீண்டும் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டும் பாருங்கள். நீண்டு நீண்டு செல்லும் வாக்கியம் ஒன்றிலாவது மூச்சு முறிகிறதா? ழகரம் நழுவுகிறதா? ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால் சாவித்திரியோடு ஏன்? 1942இல் ஜுபிடர் நிறுவனம் எடுத்த 'கண்ணகி'யில் இளங்கோவன் வசனத்தைப் பேசிய பி. கண்ணாம்பாவோடு ஒப்பிடுங்கள். ஒரே பாத்திரம், 22 ஆண்டு இடைவெளி. கண்ணாம்பாவிடம் முழக்கம் உண்டு. முதல் சொல்லிலேயே அரசன் நடுங்குவான். விஜயகுமாரியிடமோ, சீற்றத்தின் அடியிலே விம்மல் ஒன்று விடாமல் ஓடுகிறது. எது சிறந்தது என்று வாதிடுங்கள், அது வாதம். மற்றதெல்லாம் வம்பு.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 1962இல் தேனித் தொகுதியில் தி.மு.கழகத்தின் சார்பில் வென்று சட்டமன்றம் புகுந்தார் எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1980இல் ஆண்டிபட்டியிலும் வென்றார். 'இலட்சிய நடிகர்' என்ற பட்டம் அவருக்கு. தகுதியானவர்தான். ஆனால் 'குமுதம்', 'சாரதா', 'பூம்புகார்' என்று படத்துக்குப் படம் அவர் எதிரே நின்று, அதே தமிழை அதே திருத்தத்தோடு பேசியவருக்கு என்ன பட்டம்? 'எஸ்.எஸ்.ஆர். மனைவி'! விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுக்கிறாளே, அந்தப் பெண்ணின் பெயரைப் போடியில் ஏலம் கேட்பவர் எவர் கேட்கிறார்? படவுலகும் அதே சந்தைதான். "1989இல் அதே போடியில் ஜெயலலிதா வெல்லவில்லையா?" என்று இடைமறிப்பார் உண்டு. வென்றார், அதே தேர்தலில் ஆண்டிபட்டியில் வி.என்.ஜானகி தோற்றார். வென்றவரின் நடிப்பையும் பேசுவார் இல்லை, தோற்றவரின் நடிப்பையும் பேசுவார் இல்லை. 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி'யிலே நடித்தவர் ஜானகி என்பதையே எத்தனை பேர் அறிவர்?

அழுதார், அழுதார் என்கிறீர்களே, அழவைத்தது யார்? 1965இல் 'சாந்தி'யில் கண்ணிழந்த பெண். 1963இல் 'நானும் ஒரு பெண்' படத்தில் கறுத்துப் பிறந்த குற்றத்துக்காக இழிக்கப்படும் பெண். இந்த இரண்டாவது படத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நிறவெறியைச் சாடிய படம்; சிறந்த தமிழ்ப் படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். அந்தப் படத்துக்கே கறுத்த பெண்ணொருத்தியைத் தேடப் படவுலகுக்கு மனம் வரவில்லை! விஜயகுமாரியின் முகத்தில் கருஞ்சாயம் பூசினார்கள். சாயம் முதலாளியின் நோய். அதன் அடியிலிருந்து பார்த்த அந்தக் கண்கள் நடிகையின் திறமை. தலைகுனிந்தே நடக்கும் ஒருத்தி, தன்னை ஒரு மனிதப் பிறவியாக எண்ணத் துணியும் அந்த மாற்றத்தைச் சாயமா காட்டிற்று? 1964இல் இதே கதை 'மே பி லட்கி ஹூன்' என்று இந்திக்குப் போயிற்று; அவ்வேடத்தை ஏற்றவர் மீனாகுமாரி. வடக்கே மீனாகுமாரி அழுதால் 'துயர நாடக அரசி'! தெற்கே விஜயகுமாரி அழுதால் 'அழுகுணி'!

கற்பு என்ற விலங்கைப் பெண்ணுக்குப் பூட்டுவதற்காகச் சிலப்பதிகாரத்தையே சாடினார் பெரியார். அவர் வழி வந்தோம் என்போர் கற்பரசி வேடங்களாகவே எழுதித் தந்து, நடிகை அவற்றை நடித்து முடித்தபின், "வேறு என்ன நடித்தார்?" என்கின்றனர். மெரினாவில் 1968இல் நிறுவிய கண்ணகி சிலையை 2001இல் அகற்றினர்; நாடு கொதித்தது. 2006இல் மீண்டும் நிறுவினர், நாடு களித்தது. தேவாரத்துக்குத் தெற்கே, கூடலூர் மலைமேல் உள்ள மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்திரை முழுநிலவில் ஏறும் கூட்டத்தில் நம் தோழர்களும் உண்டு. கேட்டால் கேரள எல்லைச் சிக்கல் என்று காரணம் சொல்வர், போகட்டும். கல்லான கண்ணகிக்கு இத்தனை கிளர்ச்சி. வாய் திறந்து பேசிய கண்ணகிக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் உண்டா?

தேவாரத்துத் தோழர்கள் ஓர் இரவு திரை கட்டட்டும். 'பராசக்தி'யின் மன்றக் காட்சியையும் 'பூம்புகா'ரின் மன்றக் காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டட்டும். தோட்டத்திலிருந்து இறங்கி வரும் பெண்களை முன்வரிசையில் அமர்த்தி, முதற்பேச்சை அவர்களிடம் விடட்டும். அதன்பின்னும் 'அழுகை நடிகை' என்பவர் எழுந்து நின்று காரணம் காட்டட்டும். அதை அச்சிட இவ்வேட்டில் இடம் உண்டு. மறுப்புக்கும் இடம் உண்டு.