இரண்டு வட்டிக்கு ஆசைப்பட்டால் முதல் நிற்குமா?

கதிர்காமத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வில்லியனூர் பக்கம் இருந்த குடும்ப நிலத்தை விற்றதில் அவர் பங்குக்கு 8 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. இரண்டு கறவை மாடுகளின் பால் பணத்தில் வீட்டுச் செலவு நடக்கிறது. நகை 1 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது. மகனுக்கு 22 வயது. தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் போட்டால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?

வேண்டாம். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். மக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களே 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. அதைப்போல இரண்டு பங்கு தருகிறேன் என்பவரை நம்ப வழியில்லை. அனுமதி உள்ள நிறுவனமா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம்.

8 லட்சத்துக்கு மாதம் 16,000 ரூபாய் வரும் என்பது உண்மைதான். பத்து மாதம் ஒழுங்காக வந்து நின்றுபோனால் கையில் 1,60,000. மீதி 6,40,000 போனதுதான். இப்படி ஏமாந்தவர்களுக்காகப் புதுச்சேரியில் 2004-லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரியூர் நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது 2012-ல். நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பங்கிட்டுக் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மாடு சினைக்கு நிற்கும் காலமும் மகன் கல்யாணமும் அதுவரை காத்திருக்காது.

பணத்தை எப்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரிப்பதே நல்லது.

முதலில் 1 லட்சத்தில் நகையை மீட்கலாம். அடகு வட்டி நிற்பதே முதல் லாபம்.

அடுத்து 2 லட்சத்தை அரசு வங்கியில் 50,000 வீதம் நான்கு வைப்புகளாகப் போடலாம். மாட்டுக்கு நோய், ஆஸ்பத்திரி செலவு என்று வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்ற மூன்றும் வட்டியோடு நிற்கும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு.

மீதி 5 லட்சம் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்துக்கு ஏற்றது. 2023 ஏப்ரல் முதல் வட்டி 7.4 சதவீதம், மாதம் 3,083 ரூபாய் வரும். போட்ட நாளில் இருந்த வட்டி ஐந்து வருடமும் மாறாது. அந்தப் பணத்தைச் செலவுக்கு எடுக்காமல், அதே தபால் நிலையத்தில் மாதம் 3,000 ரூபாய் தொடர் வைப்பில் கட்டினால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருட முடிவில் சுமார் 2,14,000 ஆகும். முதல் 5 லட்சமும் அப்படியே இருக்கும். போடும் நாளில் உள்ள வட்டியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர வேண்டும் என்பதால் வாசகிக்கு வாய்ப்பில்லை. மகன் வருமான வரி கட்டாதவராக இருந்தால் சேரலாம். 22 வயதில் தொடங்கி மாதம் 292 ரூபாய் கட்டினால் 60-க்குப் பின் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம். பத்து வருடம் தள்ளிப்போட்டால் மாதத் தவணை இதைப்போல இரண்டு பங்குக்கும் மேல்.

எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் நியமனதாரர் பெயரை அன்றே எழுதிவிட வேண்டும். பாஸ்புத்தகம், ரசீது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.